நீக்கல், நீட்டித்தல், தணித்தல்: கல்லீரல், கணையப் புற்றுநோய் மருத்துவமும் நம் சொற்களும்



இன்றைய பொழிவின் தலைப்பைக் கண்டு, மொழியியல் படித்தவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணியிருக்கலாம். நியாயமான ஐயம்தான். நான் மருத்துவன் அல்லன். எந்த மருந்தை உண்ண வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் மருத்துவர் சொல்லுவதற்கும் நோயாளி புரிந்துகொள்ளுவதற்கும் இடையில் மொழி நிற்கிறது. அந்த இடம் என் துறைக்குரியது. அங்கே நேரும் ஒரு பிழை உயிரையும் வாங்கும் என்பதை என் குடும்பத்திலேயே கண்டேன். அதனால்தான் இத்தலைப்பை நானே கேட்டுப் பெற்றேன்.

ஒரு பேத்தியின் மொழிபெயர்ப்பு

என் மூத்த அக்காளின் கணவர், எனக்கு அத்தான், இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டியவர். இருபது ஆண்டுகளுக்கு முன்பு, அறுபதைக் கடந்த வயதில், அவருடைய கண்ணும் தோலும் மஞ்சளாயின. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. உடம்பு மட்டும் இளைத்தது. அக்காள் கீழாநெல்லியைப் பிடுங்கி அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். எண்ணெய் நீக்கி, உப்பைக் குறைத்துப் பத்தியம் காத்தார்கள். ஏழு வாரம் கழிந்தது. தோல் அரிப்புத் தாங்காமல் உறங்க முடியாத நிலை வந்த பிறகே பெரிய மருத்துவமனைக்குச் சென்றார்கள்.

அங்கே மருத்துவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசினார். அத்தானுக்குக் கடைவீதி மலாய் தெரியும். மருத்துவ மலாய் தெரியாது. உடன் சென்ற பேத்திக்கு வயது பதின்மூன்று. அவள்தான் மொழிபெயர்த்தாள். "தாத்தா, வயித்துல ஏதோ அடைச்சிருக்காம். பெரிய ஒப்பரேஷன் செய்யலாமாம். இல்லேன்னா வாய் வழியா ஒரு குழாய் வைக்கலாமாம். குழாய் வச்சா மஞ்சள் போயிடுமாம்" என்றாள். மருத்துவர் சொன்ன சொற்களில் ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. புற்றுநோய் என்னும் சொல்லைத் தாத்தாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வரவில்லை.

அத்தான் குழாயைத் தேர்ந்தார். வெட்டாமலே குணமாகும் என்றால் யார்தாம் வெட்டச் சொல்லுவார்? குழாய் வைத்த பத்தே நாளில் மஞ்சள் இறங்கியது, அரிப்பு நின்றது. "மச்சான், காமாலை போயிடுச்சு" என்று என்னிடம் தொலைபேசியில் மகிழ்ந்து சொன்னார். மறுபடி வரச்சொன்ன நாளில் அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை. குணமானவர் ஏன் போக வேண்டும்? ஒன்பது மாதத்தில் இறந்தார்.

பின்னர்தான் பத்திரங்களை வாங்கிப் படித்தேன். கணையத்தின் தலைப்பகுதியில் புற்று. அவருக்கு முன் வைக்கப்பட்டவை ஒரே நோக்கம் கொண்ட இரண்டு சிகிச்சைகள் அல்ல. ஒன்று நோயை நீக்க முயலும் வழி; மற்றொன்று நோயின் ஒரு துன்பத்தைத் தணிக்கும் வழி. அறுவைச் சிகிச்சை செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். அந்த நோயின் கொடுமை அத்தகையது. ஆனால் எதற்கும் எதற்கும் இடையில் தாம் தேர்கிறோம் என்பதை அறியாமலே அவர் தேர்ந்தார். மொழியியல் கற்பித்துக்கொண்டிருந்த நானும் தொலைபேசியில் "நல்லது அத்தான்" என்றேனே தவிர, என்ன நோய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. காமாலை என்ற சொல்லே எனக்கும் போதுமானதாக இருந்தது.

காமாலை: நோயின் பெயரா, அடையாளமா?

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது நம் பழமொழி. நம்மவர் வழக்கிலோ மஞ்சளாய்க் கண்டதெல்லாம் காமாலை. வடமொழியில் காமலா எனப்படும் சொல்லே தமிழில் காமாலை ஆயிற்று. நாம் அதை ஒரு நோயின் பெயராக வழங்குகிறோம். மருத்துவத்திலோ அது ஓர் அடையாளம். காய்ச்சல் எவ்வாறு பல நோய்களின் அடையாளமோ, அவ்வாறே மஞ்சளும். சித்த மருத்துவ நூல்களும் காமாலையைப் பல வகைகளாகப் பிரித்தே பேசின. அந்த வகைப்பாட்டை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

மஞ்சள் நிறம் எப்படி வருகிறது? பழுதடைந்த சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை வாங்கிப் பித்தநீரில் சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. ஆகவே மஞ்சள் தேங்க மூன்று காரணங்கள் உண்டு: சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதையலாம், கல்லீரலே பழுதடையலாம், பித்தநீர் செல்லும் குழாய் அடைபடலாம். அந்தக் குழாயின் கடைப்பகுதி கணையத்தின் தலை வழியாகச் செல்லுகிறது. அங்கே ஒரு புற்று வளர்ந்தால் குழாய் நெரிகிறது. பித்தம் திரும்பிக் குருதியில் கலக்கிறது. அப்போது கண் மஞ்சளாகும், சிறுநீர் தேத்தண்ணீர் நிறமாகும், மலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறமாகும், தோல் அரிக்கும். வலியும் காய்ச்சலும் இல்லாமல் இவை வந்தால், அதிலும் வயதானவருக்கு உடல் மெலிவோடு வந்தால், பத்தியத்துக்கு நேரமில்லை. வயிற்றை ஸ்கேன் செய்ய வேண்டும்.

கீழாநெல்லியை நான் இகழவில்லை. அதை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்கள் தமிழ்நாட்டினரே. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் குழுவினர், ஹெப்படைடிஸ் பி வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்குடன் இணைந்து, 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கீழாநெல்லி உண்ட 37 வைரஸ் தாங்கிகளில் 22 பேருக்கு வைரசின் அடையாளப் புரதம் குருதியிலிருந்து நீங்கியதாகவும், வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே நீங்கியதாகவும் அவர்கள் கண்டனர். உலகம் வியந்தது. ஆனால் பிற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்த விளைவு திரும்பக் கிட்டவில்லை. இதில் நமக்குரிய பாடம் ஒன்று உண்டு. அந்த ஆய்வு பேசியது வைரசால் வரும் கல்லீரல் நோயைப் பற்றி. நெரிந்த குழாயை எந்த மூலிகையும் திறக்காது. இரண்டுக்கும் காமாலை என்று ஒரே பெயரிட்டதால், ஒன்றுக்குரிய நம்பிக்கையை மற்றொன்றின்மேல் ஏற்றினோம்.

உறுப்புகளின் பெயர்கள்

தமிழில் ஈரல் மூன்று: கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். பேச்சில் நாம் "ஈரல்" என்று மட்டும் சொல்லுகிறோம். "குடிச்சுக் குடிச்சு ஈரல் வெந்துபோச்சு" என்றால் கல்லீரல் என்று கேட்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். மலாயில் கல்லீரலின் பெயர் ஹாத்தி. அதே சொல் உள்ளத்தையும் குறிக்கும். "சாக்கிட் ஹாத்தி" என்றால் மனப்புண். இதே காரணத்தால், மருத்துவமனையில் "கன்சர் ஹாத்தி" என்று கேட்ட நம் மூதாட்டி ஒருவர் நெஞ்சில் நோய் என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பியதை நான் அறிவேன்.

கணையம் என்ற சொல் பழந்தமிழில் கோட்டைக் கதவுக்குக் குறுக்கே இடும் மரத்தைக் குறித்தது. இன்று அது இரைப்பைக்குப் பின்னால் வயிற்றின் குறுக்கே கிடக்கும் உறுப்பின் பெயர். குறுக்கு மரம் என்று நினைவில் வைத்தால் இடமும் கிடப்பும் மறக்கா. நம் வீடுகளில் இவ்வுறுப்பின் பெயர் தெரியாவிட்டாலும் அதன் குறை தெரியும்: இன்சுலின் சுரப்பது அதுவே. இந்நாட்டு இனங்களுள் இனிப்புநீர் நோய் மிகுந்திருப்பது நம்மவரிடையேதான். அதனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பதைக் கடந்தவருக்குத் திடீரென இனிப்புநீர் தோன்றி, உடம்பும் காரணமின்றி மெலிந்தால், கணையத்தையும் பார்க்கும்படி மருத்துவரைக் கேட்பது நல்லது.

இன்னொரு வேறுபாடு சிகிச்சையையே மாற்றும். கல்லீரலிலேயே தோன்றும் புற்று வேறு. குடலிலோ கணையத்திலோ மார்பிலோ தோன்றிக் கல்லீரலுக்குப் பரவிய புற்று வேறு. இரண்டையும் "ஈரல் புற்று" என்றே சொல்லுகிறோம். குடலிலிருந்து பரவியதற்குக் குடற்புற்றின் மருந்தே உரியது. ஆகவே முதற் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "இது இங்கே பிறந்ததா, வேறிடத்திலிருந்து வந்ததா?"

கல்லீரல் புற்று: வருமுன் காத்தல்

கல்லீரல் புற்று பெரும்பாலும் நலமான ஈரலில் தோன்றுவதில்லை. ஆண்டுக்கணக்கில் புண்பட்டு, தழும்பேறி, இறுகிச் சுருங்கிய ஈரலில்தான் தோன்றுகிறது. இதை ஈரல் சுருக்கம் என்போம். மருத்துவர் சிரோசிஸ் என்பர். இதற்கு முதன்மையான காரணங்கள் நான்கு: ஹெப்படைடிஸ் பி வைரஸ், ஹெப்படைடிஸ் சி வைரஸ், மது, கொழுப்பேறிய ஈரல்.

முதல் இரண்டையும் எதிர்கொள்ளுவதில் இந்நாடு முன்னின்றது. 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த நம் தலைமுறையினர் ஒருமுறையேனும் குருதிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஹெப்படைடிஸ் சி நோய்க்குரிய சொபோஸ்புவிர் மருந்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்தபோது, மலேசிய அரசு 2017இல் காப்புரிமையைக் கடந்து அம்மருந்தைப் பெறும் ஆணையைப் பிறப்பித்தது. அதனால் அரசு மருத்துவமனைகளில் அச்சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. மூன்று மாத அளவில் மாத்திரை உண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்வரை அந்த வைரசிலிருந்து விடுபடுகின்றனர்.

மூன்றாவது காரணம் நம் வரலாற்றோடு பிணைந்தது. இந்நாட்டு இந்தியரிடையே ஈரல் சுருக்கத்துக்கு மது பெருங்காரணம் என்று மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்களின் ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை நம் இழிவு என்று கொள்ள வேண்டா. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடையைத் திறந்துவைத்த முறை ஒன்று இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுக என்பது ஒன்று; முறையான மருத்துவ வசதி தருக என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பட்டியலில் இருந்ததை எண்ணும்போதெல்லாம் நம் முன்னோரின் தெளிவு என்னை வியக்க வைக்கிறது. கள் போய்ச் சம்சு வந்தது. சம்சுவின் தீங்கு இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது.

ஈரல் சுருக்கம் உள்ளவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும் என்பது மருத்துவ நெறி. புற்று சிறிதாக இருக்கும்போது எந்த நோவும் தராது. நோவு தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

மருத்துவத்தின் மூன்று நோக்கங்கள்

இப்பொழிவின் மையத்துக்கு வருகிறேன். சிகிச்சை என்னும் ஒரு சொல்லும், மலாயில் ராவாத்தான் என்னும் ஒரு சொல்லும், மூன்று வெவ்வேறு நோக்கங்களை மூடி மறைக்கின்றன. மருத்துவர் "சிகிச்சை உண்டு" என்கிறார். நாம் "குணமாகும்" என்று கேட்டுக்கொள்ளுகிறோம். "குணம்" என்ற சொல்லோ மேலும் குழப்புவது. வலி குறைந்தாலும் "குணம் தெரிகிறது" என்கிறோம். நோய் அறவே ஒழிந்தாலும் "குணமாயிற்று" என்கிறோம்.

ஆகவே எளிய மூன்று வினைச்சொற்களை இவ்வவையில் முன்மொழிகிறேன்: நீக்கல், நீட்டித்தல், தணித்தல். நோயை அறவே அகற்ற முயல்வது நீக்கும் மருத்துவம். நோய் இருக்க, வாழ்நாளைக் கூட்டுவது நீட்டிக்கும் மருத்துவம். நோயின் துன்பத்தைக் குறைப்பது தணிக்கும் மருத்துவம்.

கல்லீரல் புற்றை இந்த வரிசையில் பார்ப்போம். இங்கே மருத்துவர் இரண்டை எடைபோடுகிறார்: புற்று எவ்வளவு பரவியிருக்கிறது, எஞ்சிய ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது. ஒரே அளவுள்ள புற்றுக்கு இருவர் வெவ்வேறு சிகிச்சை பெறுவது இதனால்தான். அண்டை வீட்டாருக்குச் செய்ததை நமக்கு ஏன் செய்யவில்லை என்று மனம் வெதும்ப வேண்டா.

நீக்கும் வழிகள் மூன்று. முதலாவது, புற்றுள்ள பகுதியை வெட்டியகற்றுதல். எஞ்சிய ஈரல் நலமாக இருந்தால் அது மீண்டும் வளரும் ஆற்றல் உடையது. இரண்டாவது, ஈரல் மாற்று. இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் 1996இல் வகுத்த அளவுகோல் இன்றும் வழக்கில் உள்ளது: புற்று ஒன்றானால் 5 சென்டிமீட்டருக்கு மிகாமலும், இரண்டு மூன்றானால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்கு மிகாமலும், ஈரலுக்கு வெளியே பரவாமலும் இருந்தால் மாற்று நற்பயன் தரும். இதில் புற்றும் போகும். சுருங்கிய ஈரலும் போகும். மூன்றாவது, சுட்டழித்தல். தோலின் வழியே ஊசி செலுத்தி, ரேடியோ அலையாலோ நுண்ணலையாலோ புற்றை வெப்பமூட்டி அழிப்பது. சிறிய புற்றுகளுக்கு இது ஏற்றது.

நீட்டிக்கும் வழிகளில் ஒன்று, தமனி வழியே சென்று புற்றுக்கு மருந்தூட்டி, அதற்குச் செல்லும் குருதியோட்டத்தை அடைப்பது. தக்கவர்களுக்கு இது வாழ்நாளைக் கூட்டும் என்று 2002இல் ஹாங்காங்கிலும் பார்சிலோனாவிலும் செய்த ஆய்வுகள் காட்டின. மற்றொன்று மருந்து. 2007இல் சொராபெனிப் என்னும் மாத்திரை ஏற்கப்பட்டது. 2020இல் உடலின் நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தையும் புற்றின் குருதிக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தையும் இணைத்துத் தரும் முறை, சொராபெனிப்பை விட நல்ல பயன் தருவதாக நிறுவப்பட்டது. ஈரல் ஓரளவேனும் இயங்கினால்தான் இவற்றைத் தாங்க முடியும்.

கணையப் புற்றில் நீக்கும் வழி ஒன்றே: அறுவை. கணையத்தின் தலை, சிறுகுடலின் தொடக்கம், பித்தப்பை, பித்தக் குழாயின் ஒரு பகுதி ஆகியவற்றை அகற்றி எஞ்சியவற்றை மீண்டும் இணைக்கும் பெரிய அறுவை இது. 1935இல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள் இதைப் பற்றி எழுதியதால் விப்பிள் அறுவை எனப்படுகிறது. நோய் தெரியவரும்போது ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே இது இயலும். மற்றவர்க்குப் புற்று பெருங்குருதிக்குழாய்களைப் பற்றியிருக்கும் அல்லது பிற உறுப்புக்குப் பரவியிருக்கும். இவ்வறுவையை அடிக்கடி செய்யும் மருத்துவமனைகளில் இடர் குறைவு என்பது உலகெங்கும் கண்ட உண்மை. நமக்கு அருகிலேயே செலாயாங் மருத்துவமனை கல்லீரல், பித்தக்குழாய், கணைய அறுவைக்குரிய தேசிய மையமாக இயங்குகிறது. நகையை அடகு வைத்து அயல்நாட்டுக்குப் புறப்படும் முன், அங்கே அனுப்பும்படி நம் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அறுவைக்குப் பின் தரும் கீமோ, நோய் திரும்பாமல் தடுப்பதற்கு. அது நீக்கும் மருத்துவத்தின் பகுதி. அறுவை இயலாதவர்க்குத் தரும் கீமோ நீட்டிப்பதற்கும் தணிப்பதற்கும். மருந்தின் பெயர் ஒன்று, நோக்கம் வேறு. பரவிய கணையப் புற்றுக்கு நான்கு மருந்துகளை இணைத்துத் தரும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2011இல் வெளியிட்டனர். முன்பிருந்த ஜெம்சிடபின் மருந்தோடு நடு வாழ்நாள் 6.8 மாதம், புதிய முறையோடு 11.1 மாதம். நடு வாழ்நாள் என்பதைக் கெடு நாள் என்று கொள்ளுதல் கூடாது. பாதிப் பேர் அதற்குக் குறைவாகவும் பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தார்கள் என்பதே பொருள். "டாக்டர் பதினொரு மாதம் கெடு கொடுத்துவிட்டார்" என்று நம்மவர் சொல்லுவது பிழையான மொழிபெயர்ப்பு.

கணையப் புற்றில் தணிக்கும் வழிகள் பல. அடைபட்ட பித்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் குழல் அவற்றுள் ஒன்று. அத்தானுக்கு வைத்தது அதுவே. மஞ்சள் போகும், அரிப்பு நிற்கும், பசி திரும்பும், புற்று அங்கேயே இருக்கும். சிலருக்கு அறுவைக்கு முன்னேற்பாடாகவும் அதை வைப்பார்கள். ஆகவே குழல் வைத்த பின் "அடுத்தது என்ன?" என்று கேட்காமல் வீடு திரும்பக்கூடாது. வலிக்கு மார்பின் உண்டு. வலியைக் கடத்தும் நரம்புப் பின்னலை மருந்திட்டு மரக்கச் செய்யும் முறையும் உண்டு. மார்பின் என்றதும் போதைப்பழக்கம் என்று அஞ்சி வலியைப் பொறுத்திருப்பவர்கள் நம்மிடையே பலர். மருத்துவர் அளந்து தரும் மார்பினுக்கும் அந்த அச்சத்துக்கும் தொடர்பில்லை.

"ஒன்றும் செய்ய முடியாது"

நீக்க முடியாது என்று மருத்துவர் சொல்லும்போது, வீட்டில் அது "ஒன்றும் செய்ய முடியாதாம்" என்று மாறிவிடுகிறது. மூன்று வினைகளில் ஒன்று போனதும் மற்ற இரண்டையும் நாமே கைவிடுகிறோம். இது உண்மைக்குப் புறம்பானது. 1997இல் வெளியான ஜெம்சிடபின் ஆய்வு முதன்மையாக அளந்தது வாழ்நாளை அன்று. நோயாளியின் வலி குறைந்ததா, எடை கூடியதா, எழுந்து நடமாட முடிந்ததா என்பவற்றையே. தணிப்பதும் மருத்துவத்தின் உயர்ந்த குறிக்கோள் என்பதற்கு இது சான்று. செலாயாங் மருத்துவமனையில் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. கோலாலம்பூரில் 1991இல் தோன்றிய ஹொஸ்பிஸ் மலேசியா இல்லம் தேடிச் சென்று கட்டணமின்றிப் பணியாற்றுகிறது. இதைச் சாகப்போகிறவர் செல்லுமிடம் என்று ஒதுக்காமல், நோயறிந்த நாள் முதலே நாட வேண்டும்.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் நிறைவில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுபவர். வைப்புமுறையைக் கவனியுங்கள். நோயுற்றவரே முதலில் வருகிறார். நாமோ அவரை இறுதியில் வைக்கிறோம். "அப்பாவிடம் சொல்லாதீர்கள், தாங்க மாட்டார்" என்று மருத்துவரின் காதில் ஓதுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் தன் உடம்பைப் பற்றிய முடிவு தன்னைக் கேளாமல் எடுக்கப்படுவதை, நாற்பது ஆண்டு வெயிலில் உழைத்த ஒருவர் தாங்க வேண்டியிருக்கிறது. அதைவிட உண்மையைத் தாங்குவது எளிது.

செய்யத்தக்கவை

நிறைவாக நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, மருத்துவமனையில் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தாதீர்கள். அத்தானின் பேத்தி இன்று தாய். அந்த ஒரு சொல்லைச் சொல்லாத பாரத்தை இன்னும் சுமக்கிறாள். அவள்மீது குற்றம் இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் அந்தச் சுமையைக் கொடுத்த பெரியவர்களாகிய நாங்கள்தாம் குற்றவாளிகள். தமிழறிந்த தாதியர் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையேல் ஒரு பெரியவர் உடன் செல்லட்டும்.

இரண்டாவது, ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். இது எந்த உறுப்பில் பிறந்த நோய்? எவ்வளவு பரவியிருக்கிறது? நீங்கள் சொல்லும் சிகிச்சை நீக்கவா, நீட்டிக்கவா, தணிக்கவா? வேறு வழி உண்டா? ஒன்றும் செய்யாதிருந்தால் என்ன ஆகும்? விடையைக் கேட்ட பின், புரிந்ததை உங்கள் சொற்களில் மருத்துவரிடம் திருப்பிச் சொல்லுங்கள். பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, மொழிக் கழகத்துக்கு. கலைச்சொல் அகராதிகள் நம்மிடம் உண்டு. அவை அகரவரிசையில் இருக்கின்றன. நோயாளி அகரவரிசையில் நோயுறுவதில்லை. ஒவ்வொரு சிகிச்சையையும் மூன்று நோக்கங்களின் கீழ் வகைப்படுத்தி, மலாய்ச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் அருகருகே தமிழெழுத்தில் அச்சிட்டு, பதினாறு பக்கச் சிறுநூல் ஒன்றை மருத்துவர்களின் மேற்பார்வையில் உருவாக்குவோம். தோட்டத்துக் கோயில்களிலும் கிளினிக்குகளிலும் அதை வைப்போம். என் பங்குக்கு முதல் வரைவை எழுதித் தரக் காத்திருக்கிறேன்.

நான்காவது, நம் எல்லார்க்கும். இனி ஒருவர் "காமாலை" என்று சொன்னால், "எதனால்?" என்று கேட்போம். ஒற்றைச் சொல் வினா அது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு தொலைபேசியில் நான் கேட்கத் தவறியதும் அதுவே. இன்று இங்கே இருப்பவர்களில் ஒருவரேனும் தம் வீட்டில் அதைக் கேட்டால், இந்த மாலையில் நாம் கூடியது வீண்போகவில்லை என்று கொள்ளுவேன்.